ஒரு வரிசையில் முப்பத்தொரு கொடி: எட்னா மலை நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளி. கத்தானியா

இத்தாலியின் சிசிலித் தீவில் விமானம் இறங்கும்போது வலப்பக்க ஜன்னலை நிறைத்துக்கொண்டு எட்னா எரிமலை நின்றது. 3,300 மீட்டருக்கும் மேல் உயரம். உச்சியில் மெல்லிய புகை கிழக்கே சாய்ந்திருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி அதைப் பார்த்து நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். இந்த ஊர்க்காரர்கள் எட்னா என்று பெயர் சொல்வது குறைவு. சிசிலி வட்டார வழக்கில் 'முந்தாஞா', அதாவது மலை என்பார்கள். அந்த மொழியில் அது பெண்பால். இந்த ஐந்து நாட்களும் எல்லோர் வாயிலும் மலை 'அவள்'தான்.

விமான நிலையத்துக்கு அண்ணன் வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகப் பாலெர்மோவில் வாழ்பவர். சிசிலித் தலைநகரான அந்த ஊரில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். என் மனைவி வழியில் உறவு. எனக்கு மொழியும் வழியும் அவர்தான். "தம்பி, நீங்கள் திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளை. இங்கே தோட்டத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். பந்தல் கிடையாது" என்று காரில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

என் அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை போட்டவர். கல்தூண், கம்பி, பந்தல், தலைக்கு மேலே குலை. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். நான் வளர்ந்தது அந்தப் பந்தல் நிழலில். தின்பதற்கான திராட்சையை மட்டுமே அறிந்த எனக்கு, குடிப்பதற்கென்றே வளர்க்கும் திராட்சையைப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டு ஆசை.

இரவு, மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த சிறிய உணவகத்தில் வாள்மீன் வறுவலோடு ஒரு புட்டி எட்னா பியாங்கோ வாங்கினோம். எட்னாவின் வெள்ளை ஒயின். வெளிர் மஞ்சள் நிறம், விளிம்பில் பச்சைச் சாயல். முதல் வாய்க்கு எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். விழுங்கிய பிறகு நாக்கின் இரு ஓரத்திலும் உப்பு நின்றது. மீனின் உப்போ என்று ரொட்டியைத் தின்றுவிட்டு மறுபடி பருகினேன். ஒயினின் உப்புதான்.

இது கலவை ஒயின். சிசிலியிலேயே முதன்முதலாக 1968ல் தன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஒயின்களில் எட்னாவுடையது ஒன்று. அன்று வகுத்த விதி, வெள்ளையில் கர்ரிகாந்தே என்ற திராட்சை குறைந்தது 60 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. கத்தராத்தோ என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சை 40 விழுக்காடு வரை சேரலாம். மின்னெல்லா முதலான உள்ளூர் வகைகள் கொஞ்சம் கலக்கலாம். அறுபதும் நாற்பதும் யார் கணக்கு, எந்த நாக்கு அளந்தது? அண்ணனிடம் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரிடம் கூட்டிப் போகிறேன். அவரிடம் கேளுங்கள்" என்றார்.

இரண்டாம் நாள், சனி. வடக்குச் சரிவு

எட்னாவைச் சுற்றி ஒரு குறுகிய ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளங்களுக்கிடையே 950 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 1895க்கும் 1898க்கும் இடையில் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பதால் இன்றே போய்விட்டோம். ரந்தாட்சோ வரை பஸ், அங்கிருந்து ரயில்.

ரந்தாட்சோ அருகே ஜன்னலுக்கு இருபுறமும் ஒரு புல் கூட இல்லாத கருங்கல் காடு. 1981 மார்ச்சில் மலை வெடித்து இறங்கிய குழம்பு இந்தப் பாதையையும் சாலைகளையும் அறுத்துக்கொண்டு போனது. இறுகிய குழம்பின் மேலேயே பிறகு பாதை போட்டார்கள். அந்தக் கறுப்பு முடிகிற இடத்தில், ஒரு கோடு கிழித்தாற்போல, திராட்சைத் தோட்டம் தொடங்குகிறது. பத்தடி இந்தப் பக்கம் எதுவும் இல்லை. பத்தடி அந்தப் பக்கம் கொடி.

வடக்குச் சரிவு சிவப்பு ஒயினுக்குப் பேர் போனது. நெரெல்லோ மாஸ்கலேசே என்ற கறுப்புத் திராட்சை. பஸ்ஸோபிஷாரோ, லிங்குவாகுளோசா என்று ரயில் நிற்கும் சிற்றூர்களின் பெயர்கள்தான் இன்று உலகம் முழுக்க ஒயின் புட்டிகளில் இருக்கின்றன. 2000ஐ ஒட்டி வெளியூர்க்காரர்கள் வந்து கைவிடப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொடங்கியபோது முதலில் இங்கேதான் வந்தார்கள். என் மனம் வெள்ளையில் இருந்ததால் இறங்காமல் கடந்துவிட்டேன்.

மாஸ்கலி வந்தபோது அண்ணன் எழுப்பினார். நேர்க்கோட்டுத் தெருக்கள் கட்டம் போட்டாற்போல இருக்கும் ஊர். 1928 நவம்பரில் பழைய மாஸ்கலியை ஏறக்குறைய முழுவதுமாகக் குழம்பு மூடிவிட்டது. இது வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டியது. அந்தக் கறுப்புத் திராட்சையின் பெயரில் உள்ள மாஸ்கலேசே, இந்த ஊர்ச் சமவெளியைக் குறிப்பதுதான்.

மூன்றாம் நாள், ஞாயிறு. மீலோ

இதற்காகத்தான் வந்தேன்.

மீலோ எட்னாவின் கிழக்குச் சரிவில் இருக்கும் சின்ன ஊர். பாடகர் ஃபிராங்கோ பத்தியாத்தோ கடைசிக் காலத்தைக் கழித்து 2021ல் மறைந்தது இங்கேதான். 'எட்னா பியாங்கோ சுப்பீரியோரே' என்று புட்டியில் போட வேண்டுமென்றால் திராட்சை இந்த ஒரே ஊரின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். அதில் கர்ரிகாந்தே குறைந்தது 80 விழுக்காடு. இவ்வளவு பெரிய மலையில் ஏன் மீலோவுக்கு மட்டும் அந்த உரிமை என்பது, காரை விட்டு இறங்கிய கணத்திலேயே தோலில் தெரிந்தது. கீழே கடற்கரையில் சட்டை நனைய வியர்த்தது. இங்கே, சுமார் 800 மீட்டரில், கம்பளி தேவைப்பட்டது. முன்னால் கைக்கெட்டும் தூரம்போல அயோனியக் கடல். முதுகுக்குப் பின்னால் மலை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி இங்கேயே மழையாகக் கொட்டிவிடும். காய்ந்த தீவு என்று பேர் பெற்ற சிசிலியில் மிக அதிகமாக மழை பெறும் சரிவுகளில் இது ஒன்று.

பெரியவர் எங்களை வாசலில் எதிர்கொண்டார். அண்ணன் பாலெர்மோவில் நெடுங்காலம் வேலை பார்த்த வீட்டம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். எண்பதைத் தாண்டியவர். கைகுலுக்கினால் மரப்பட்டையைத் தொட்டதுபோல இருந்தது. பிள்ளைகள், பேரன்கள், மருமகன் என்று பத்துப் பேர் கத்தரிக்கோலோடு தயாராக இருந்தார்கள். திங்கட்கிழமை மழை என்று வானிலை அறிக்கை சொன்னதால் இன்றைக்கே வெட்டு. அக்டோபர் இரண்டாம் வாரம். சிசிலியின் சமவெளிகளில் வெள்ளைத் திராட்சையை ஆகஸ்டிலேயே வெட்டி முடித்துவிடுகிறார்கள். இங்கே இரவுக் குளிர் கொடியைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகப் பழுக்க வைக்கிறது. பகல் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது, இரவு புளிப்பைக் காக்கிறது.

தோட்டம் படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் முட்டுச்சுவர், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் எரிமலைக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. தோட்டம் போடும்போது நிலத்தில் கிடைத்த கல்லை எங்கே கொண்டுபோவது? சுவராக்கினார்கள். சுவரில் மிஞ்சியதைத் தோட்டத்தின் மூலையில் மேடாகக் குவித்தார்கள். அந்த மேடு இரண்டு ஆள் உயரம் இருந்தது.

பந்தல் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு கொடியும் தனியாக, இடுப்பளவு குட்டை மரம்போல, ஒரு செஸ்ட்நட் மரக் கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறது. ஆல்பெரெல்லோ, குட்டிமரம் என்று அதற்குப் பெயர். ஒரு மீட்டருக்கு ஒன்று. டிராக்டர் நுழைய வழியே இல்லை. எல்லாம் கையால், குனிந்த முதுகோடு. எங்கள் ஊரில் அண்ணாந்து பார்த்துத் திராட்சை வெட்டுவோம், மாலையில் கழுத்து வலிக்கும். இங்கே ஒரு மணி நேரத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரியவர் நிமிரவே இல்லை.

மண் கறுப்பு. அள்ளினால் அரிசிக் குருணை அளவில் துளைகள் நிறைந்த கல்துகள். 'ரிபிட்டு' என்கிறார்கள். கையில் கனமே தெரியவில்லை. தண்ணீர் விட்டால் நிற்காமல் இறங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிறகு எங்கும் அமெரிக்க வேரின் மேல் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். இந்தக் குருணை மண்ணில் அந்தப் பூச்சிக்கு வழி கிடைக்கவில்லை. அதனால் எட்னாவில் சில துண்டு நிலங்களில் இன்னமும் சொந்த வேரில் நிற்கும் கொடிகள் உண்டு. இந்தத் தோட்டத்தின் மேல்படி அப்படிப்பட்டது. ஒரு கொடியின் அடிமரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். விரல்நுனிகள் எட்டவில்லை. முறுக்கிப் பிழிந்த துணிபோல மரம் தன்னையே சுற்றி வளர்ந்திருந்தது. நடுவில் பொந்து, பொந்துக்குள் ஒரு பல்லி. இவ்வளவு கிழட்டு மரத்தின் தலையில் ஆறு குலை.

வெள்ளி இரவுக் கேள்வியை அங்கேதான் கேட்டேன். இந்தக் கலவையின் அளவை யார் தீர்மானிப்பது? அண்ணன் மொழிபெயர்த்தார். பெரியவர் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிவிட்டு என் கையைப் பிடித்து மேல்படிக்கு அழைத்துப் போனார். வரிசையின் தொடக்கத்தில் நிறுத்தி, நடந்துகொண்டே ஒவ்வொரு கொடியையும் தொட்டுப் பெயர் சொன்னார். கர்ரிகாந்தே, கர்ரிகாந்தே, கத்தராத்தோ, கர்ரிகாந்தே, மின்னெல்லா. பாட்டி பேரப்பிள்ளைகளைக் காட்டிப் பெயர் சொல்வது போல.

நான் எண்ணினேன். முப்பத்தொரு இடம். அதில் இருபத்தொன்று கர்ரிகாந்தே, ஆறு கத்தராத்தோ, இரண்டு மின்னெல்லா, ஒன்று வழிதவறி நின்ற நெரெல்லோ. ஓர் இடம் காலி. கம்பம் மட்டும் நின்றது.

"என் தாத்தா நட்டது. அவர் நட்டபோதே கலந்துவிட்டார். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டி ஒன்றாக மிதிப்போம். அவ்வளவுதான்" என்றார் பெரியவர்.

இலையை வைத்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை, குலையை வைத்துத் தெரிந்தது. கர்ரிகாந்தே நீளக் குலை, பச்சையோடிய மஞ்சள், மேலே மெழுகுபோல வெண்பூச்சு. ஒரு மணியை வாயில் போட்டேன். கன்னம் உள்ளே இழுத்துக்கொள்ளும் புளிப்பு, பிறகுதான் இனிப்பு. சுமை ஏற்றுவது என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அவ்வளவு காய்க்குமாம். கத்தராத்தோ தங்க நிறம், தோலில் பழுப்புப் புள்ளி. புளிப்பு குறைவு, வாய் நிறையும் சதை. மின்னெல்லா நீள்வட்ட மணி. அதன் பெயருக்குக் காரணம் அண்ணன் சொல்லக் கூச்சப்பட்டார். வட்டார வழக்கில் 'மின்னா' என்றால் தாய்முலை. முலைக்காம்பின் வடிவம். எனக்கு அதில் கூச்சம் தோன்றவில்லை. வேறெதையும்விட இந்தப் பெயரை ஒரு விவசாயிதான் வைத்திருக்க முடியும் என்று தோன்றியது.

"மின்னெல்லா முதலில் பழுத்துவிடும். குருவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். ஒயினுக்கு வருவது கொஞ்சம்தான். இப்போது யாரும் நடுவதில்லை" என்றார்.

காலி இடத்தைக் காட்டி, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பக்கத்துக் கொடியின் நீண்ட தண்டு ஒன்றை வளைத்து மண்ணுக்குள் புதைத்து நுனியை மட்டும் வெளியே விடுவாராம். அண்ணன் அதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தார். "பதியன்!" என்றேன். மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் தெரிந்த அதே வேலை. பெரியவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அந்தக் காலி இடத்துக்கு இடப்பக்கம் கர்ரிகாந்தே, வலப்பக்கம் மின்னெல்லா. எதை வளைப்பீர்கள்? "குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போது பார்க்கலாம்" என்றார்.

மாலைக்குள் வெட்டு முடிந்தது. தோட்டத்து ஓரத்தில் நீண்ட மேசை போட்டு, பாஸ்தாவும் வறுத்த கத்தரிக்காயும் கட்டியான ரிக்கோட்டாவும் பரிமாறினார்கள். சின்னப் பேத்தி ஒருத்தி மின்னெல்லாக் குலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேறு எதையும் தொடவில்லை.

நான்காம் நாள், திங்கள். மழை

அறிக்கை பொய்க்கவில்லை. விடியும் முன்பே கொட்டத் தொடங்கியது.

காலையில் சாந்தால்ஃபியோவில் 'நூறு குதிரைகளின் செஸ்ட்நட்' மரத்தைப் பார்த்தோம். ஓர் அரசியும் அவளுடைய நூறு வீரர்களும் மழைக்கு ஒதுங்கியதாகக் கதை. 1780ல் அளந்தபோது சுற்றளவு 57.9 மீட்டர். இப்போது பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. கொடிக்குக் கம்பமும் ஒயினுக்குப் பீப்பாயும் கொடுத்தது இந்த மலைக்காட்டின் செஸ்ட்நட்தான் என்பதால், தோட்டத்தின் மூதாதையைப் பார்த்ததாகவே எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் ஃபோர்னாட்சோவில் ஒரு சிறு தேவாலயம். 1979ல் வந்த குழம்பு அதன் சுவரை உரசி நின்றுவிட்டது. சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. உள்ளே மெழுகுவர்த்திகள் எரிந்தன. 1950லிருந்து 1951 வரை ஓராண்டுக்கும் மேலாக நீண்ட வெடிப்பில் குழம்பு மீலோவின் விளிம்பு வரை வந்ததைப் பெரியவர் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறார். கல் வெடிக்கும் சத்தம் இரவெல்லாம் கேட்டதாம். வீட்டுக் கதவுகளைக்கூடக் கழற்றி வண்டியில் ஏற்றினார்களாம். அடுத்த ஆண்டு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து கொடிக்குக் கவாத்து செய்தார்கள்.

பிற்பகல் ஒரு நவீன ஒயின் கூடம். அங்கே பொறுப்பாளராக இருந்த இளைஞர் எங்களுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். இங்கே வேலை வேறு மாதிரி. கர்ரிகாந்தேயைத் தனியாகவும் கத்தராத்தோவைத் தனியாகவும் வெட்டி, குளிர்ந்த எஃகுத் தொட்டிகளில் தனித்தனியே நொதிக்க விடுகிறார்கள். சில மாதம் கழித்துக் கலக்கிறார்கள். மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்தார். முதல் கோப்பை, தனிக் கர்ரிகாந்தே: நேராக, கூர்மையாக, ஓடைத் தண்ணீர்போல. பெருஞ்சீரகத்தின் லேசான வாசனை. இரண்டாவது, தனிக் கத்தராத்தோ: அகலமானது, பழுத்த பேரிக்காய், ஆனால் விழுங்கியதும் மறைந்துவிடுகிறது. மூன்றாவதில் இரண்டும் சேர்ந்திருந்தன. முதலாவதின் எலும்பின் மேல் இரண்டாவதின் சதை ஏறி உட்கார்ந்திருந்தது.

கர்ரிகாந்தேயின் புளிப்பில் பெரும்பங்கு மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் உள்ளது. அதனால் இந்த ஒயின் இளமையில் பல்லைக் கூச வைக்கும். முன்னோர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நொதித்த ஒயினை அடிமண்டியோடு குளிர்காலம் முழுக்கப் பீப்பாயிலேயே விட்டுவிடுவது. வசந்தத்தில் வெப்பம் ஏறும்போது நுண்ணுயிர்கள் விழித்து அந்த அமிலத்தை மென்மையாக்கிவிடும். அந்தப் புளிப்பே ஒயினின் ஆயுளுக்கும் காவல். கத்தானியாவின் மருந்துத் தொழிலதிபர் ஜுசெப்பே பெனாந்தி 1988ல் குடும்பத்தின் பழைய தோட்டங்களைக் கையில் எடுத்து, மீலோவின் கர்ரிகாந்தேயை மட்டும் கொண்டு 'பியெத்ரமரினா'வைத் தந்தார். எட்னாவின் வெள்ளை பல ஆண்டு தாங்கும் என்பதை உலகம் நம்பியதில் அந்த ஒயினுக்குப் பெரிய பங்கு உண்டு. இளைஞர் எங்களுக்குத் தம் கூடத்தின் பத்து வயதான புட்டி ஒன்றைத் திறந்தார். எலுமிச்சை போய்த் தேன் வந்திருந்தது. கூடவே மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாசனை. உப்பு மட்டும் அப்படியே.

நல்ல ஒயின்கள். துல்லியமானவை. இந்த இளைஞரின் தலைமுறை இல்லையென்றால் பாதித் தோட்டங்கள் முள்ளடர்ந்து போயிருக்கும். அதை முழு மனதோடு சொல்கிறேன். ஆனாலும் அந்தக் கூடத்தில் மின்னெல்லா எங்கே என்று கேட்டபோது, தனியாகக் கணக்கில் இல்லை என்றார். அது எனக்கு உறுத்திற்று.

மாலையில் பெரியவர் தம் வீட்டுப் பல்மெந்தோவைத் திறந்து காட்டினார். எரிமலைக் கல்லில் கட்டிய பழைய ஒயின் ஆலை. மேல்தளத்தில் ஜன்னல் வழியாகத் திராட்சையைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். சாறு கல் வாய்க்கால் வழியாகக் கீழ்த் தொட்டிக்குத் தானாக இறங்கும். சக்கையைப் பிழிய, அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்ட ஒரே மரத்தின் உத்திரம். அதன் முனையில் மரத்திருகும் பாறைக் கல்லும். எங்கள் ஊர்ச் செக்கு நினைவு வந்து உத்திரத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். சுகாதார விதிகள் வந்த பிறகு விற்பனைக்கான ஒயினை இதில் செய்யக் கூடாது. மிதிக்கும் தளத்தில் இப்போது தக்காளிக் கூடைகளும் ஒரு குழந்தை சைக்கிளும்.

கிளம்பும்போது லேபிள் இல்லாத ஒரு புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். முந்தைய ஆண்டு மேல்படியில் விளைந்தது, வீட்டுத் தேவைக்காகச் செய்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய். ரிபோஸ்தோ

மழை விட்டுவிட்டது. மலை உச்சியில் புதுப் பனி.

ரிபோஸ்தோ என்றால் சேமிப்பறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்னாவின் ஒயின் மலையிலிருந்து இறங்கி இங்கே கிடங்குகளில் தங்கிக் கப்பல் ஏறியது. கடலோரம் அந்தக் கிடங்குகள் சில பூட்டிக் கிடக்கின்றன. மீன் வாங்கி, துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, பெரியவரின் புட்டியைத் திறந்தோம்.

நேற்றைய கூடத்தின் தெளிவு இதில் இல்லை. கொஞ்சம் கலங்கல், நிறம் வைக்கோல். மூக்கில் காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல். பிறகு அந்தப் புளிப்பு வந்தது, அதன் பின்னால் உப்பு. எது கர்ரிகாந்தே, எது கத்தராத்தோ என்று பிரிக்க முயன்றேன். முடியவில்லை. இரண்டே கொடியின் மின்னெல்லாவை இதில் யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. "நன்றாக இருக்கிறதா, தம்பி?" என்றார் அண்ணன். இரண்டாம் கோப்பையை நீட்டினேன். கத்தானியா விமான நிலையத்தில் பிரிந்தோம்.

பிப்ரவரியில் சேர்த்தது

இன்று அண்ணன் பாலெர்மோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். பெரியவர் மேல்படியில் கவாத்து முடித்துவிட்டாராம். முப்பத்தொன்றாவது இடத்துக்கு மின்னெல்லாவின் தண்டை வளைத்துப் பதியன் போட்டிருக்கிறாராம். பேத்திதான் அதன் மேல் மண்ணைத் தள்ளினாளாம்.